வண்டலூர் தாண்டினால்தான் வண்டி!

சென்னைக்குக் கோயம்பேடு பஸ் நிலையம் நன்றாகத்தானே இருந்தது, பிறகு எதற்குக் கிளாம்பாக்கம்?
(விழுப்புரம் வாசகர்)

பஸ் ஸ்டாண்டு நன்றாகத்தான் இருந்தது. அங்கே போய்ச் சேருகிற வழிதான் பாடாய்ப்படுத்தியது. தெற்கிலிருந்து செங்கல்பட்டு வரை பறந்து வந்த பஸ், பெருங்களத்தூரில் தவழ ஆரம்பித்து, தாம்பரம், கத்திப்பாரா என்று திணறும். பொங்கல் நெரிசலைச் சொல்லவே வேண்டாம். அந்த பஸ்களை வண்டலூரை ஒட்டியே நிறுத்திவிட, கிளாம்பாக்கம் நிலையத்தை 88 ஏக்கரில் கட்டி 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள்.

கோயம்பேடு வந்தபோதும் இப்படித்தான் புலம்பினோமா?
(மயிலாப்பூர் வாசகி)

பின்னே? 2002-இல் பாரிமுனையிலிருந்து மாற்றியபோது, "அவ்வளவு தூரமா?" என்று கேட்ட நாம்தான் இன்று கோயம்பேட்டுக்காகக் கண்ணீர் விடுகிறோம். ஆனால், கோயம்பேட்டில் காய்கறி மார்க்கெட் முன்பே வந்துவிட்டது. நூறடி ரோடு வாசலில் இருந்தது. மெட்ரோ 2015-இல் வந்தது. தூரம் அப்படியேதான் இருக்கிறது. போக்குவரத்து வசதிதான் அதைப் பக்கத்தில் கொண்டுவந்தது.

கிளாம்பாக்கம் ஆசியாவிலேயே பெரியதா?
(சேலம் வாசகர்)

ஏக்கர் கணக்கு கட்டியவருக்கு. பயணிக்கு ஒரே கணக்குதான்: இறங்கிய இடத்திலிருந்து அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நடக்க வேண்டும்?

பிரம்மாண்டமாகக் கட்டியும் ஏன் சலித்துக்கொள்கிறார்கள்?
(திருநெல்வேலி வாசகர்)

விடியற்காலை நாலு மணிக்கு, தோளில் தூங்கும் பிள்ளை, கையில் அரிசி மூட்டையோடு இறங்கிப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து 600 கி.மீ. வரக் கொடுத்த காசை, பெரம்பூர் போக ஆட்டோக்காரர் கூசாமல் கேட்பார். அந்த நேரத்தில் மாநகர பஸ் வந்து நின்றால்தான் அது பஸ் நிலையம். இல்லாவிட்டால் வெறும் கட்டடம். சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால், இலவசமாக ஏறவும் பஸ் வர வேண்டுமே!

மெட்ரோ?
(குரோம்பேட்டை வாசகர்)

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கி.மீ. நீட்டிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். விமானத்தில் வருகிறவருக்கு 2016-லேயே மெட்ரோ கிடைத்துவிட்டது. அரசு பஸ்ஸில் வருகிறவருக்குத் திட்டம் கிடைத்திருக்கிறது. முதலில் பஸ் நிலையம், அப்புறம் ரயில் என்பது தலைகீழ் வரிசை. அடுத்த பஸ் நிலையத்துக்காவது தண்டவாளத்தை முதலில் போடுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் எனக்கு ஓர் அறிவுரை?
(அண்ணா நகர் வாசகி)

பெட்டி கட்டுமுன் டிக்கெட்டில் ஏறுமிடத்தைப் படியுங்கள். திருச்சி, மதுரைப் பக்கம் என்றால் கிளாம்பாக்கம். ஆந்திரா பக்கம் என்றால் மாதவரம். கிளாம்பாக்கத்துக்கு அண்ணா நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. ஆகவே பஸ் கிளம்பும் நேரத்தை மறந்துவிட்டு, வீட்டை விட்டு நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள்.