மூன்றாவது வரிசை யாருக்கு?

கேள்வி: பழைய இன்னோவா கிரிஸ்டாவைக் கொடுத்துவிட்டு ஹைகிராஸ் வாங்கலாமா? மாமனார், மாமியாரோடு நாங்கள் ஏழு பேர்.

பதில்: பேர்தான் இன்னோவா, ஆள் வேறு. 2022 கடைசியில் டொயோட்டா அதைக் காட்டியபோது லேடர் ஃபிரேம் என்ற தனி அடிச்சட்டம் போயிருந்தது. பின்சக்கரம் தள்ளிய வண்டியை இப்போது முன்சக்கரம் இழுக்கிறது. டீசலும் கிடையாது, பெட்ரோல், இல்லாவிட்டால் ஹைபிரிட். (டீசல்தான் வேண்டுமென்றால் கிரிஸ்டாவை விற்காதீர்கள்!) வீல்பேஸ் 100 மி.மீ. நீண்டு 2,850 ஆகிவிட்டதால் கடைசி வரிசையிலும் பெரியவர்கள் உட்காரலாம்.

ஆனால் ஏழு பேரும் ஏறிய பிறகு டிக்கியில் மிஞ்சுவது சுமார் 300 லிட்டர்தான். திருப்பதி போகலாம், திரும்பும்போது லட்டு மடியில்.

விலை கூடிய ஹைபிரிட்டில் நடுவரிசை சீட்டுக்குக் கால் நீட்டும் பலகை உண்டு. மாமனார் அதை நீட்டிச் சாய்ந்துவிட்டால், பின்னால் இருக்கும் பேரன் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அவரை இறக்குவது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொன்று. ஹைபிரிட் பேட்டரியில் சத்தமே இல்லாமல் கிளம்பும். தெருமுனை தாண்டிய பிறகும் மாமியார் கேட்பார்: "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா மாப்பிள்ளை?"