போர்க் கல்லறைகளைப் படமெடுப்பது எப்படி: கேளம்பாக்கத்தாருக்கு ஒரு கையேடு

கேளம்பாக்கம் உப்பங்கழிக் கரையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பறவைகளைவிடக் கேமராக்கள் அதிகம் இருக்கும். முழ நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு, பூநாரை இந்தப் பக்கம் திரும்பாதா என்று குந்தியிருப்பவர்களில் நீங்களும் ஒருவரா? கவலையை விடுங்கள். பறக்காத, திரும்பாத, சீசன் பார்க்காத ஒன்று முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து செத்துப் புதைந்த போர்வீரனின் கல். இவ்வளவு பொறுமையாக நிற்கும் ஆள் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டார். முகம் குண்டாகத் தெரிகிறது, இன்னொன்று எடு என்று கேட்கவே மாட்டார்.

முதல் வேலை வீட்டில் அனுமதி வாங்குவது. கல்லறைக்குப் போவதாக வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். "அமாவாசையும் அதுவுமா சுடுகாட்டுக்கா கிளம்புற? வந்தா கொல்லைப்பக்கமா வா, தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள காலை வைக்கணும்" என்று அம்மா ஆரம்பிப்பார். பதினோராவது மாடியில் கொல்லைப்பக்கம் எது என்ற விவாதத்திலேயே காலை வெயில் போய்விடும். "ஒரு புராஜெக்ட்மா" என்று சொல்லுங்கள். புராஜெக்ட் என்றால் ஓ.எம்.ஆர். வட்டாரத்தில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

வண்டலூர் சாலை வழியே 515 பிடித்துத் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை, அப்புறம் பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கம். ஆட்டோக்காரரிடம் வார் சிமெட்ரி என்றால் அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். டிரேட் சென்டர் பக்கம் என்று சொல்லி ஏறிக்கொண்டு, போகப் போகத் திருத்திக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம். மேலே பறக்கவிட்டீர்களானால் அடுத்த படம் உங்களைத்தான் எடுப்பார்கள், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தை 1952-ல் அமைத்தார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் ஊர்க் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சடலங்களை, அங்கே நிரந்தரமாகப் பராமரிக்க வழியில்லை என்று இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். எல்லாரும் துப்பாக்கியும் கையுமாக விழுந்தவர்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். போர்முனை பர்மாப் பக்கம் இருந்தது. இங்கே இருந்தவை முகாம், ஆஸ்பத்திரி, விமானத்தளம். காய்ச்சலும் விபத்தும்கூட அந்தக் காலத்தில் சிப்பாய்க்குப் போர்தான்.

பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் தொடங்கியது. இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 23,000 இடங்களில், 17 லட்சம் பேரின் நினைவுக்கு அதுதான் பொறுப்பு. செத்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் உலகப்போரின்போதே பிரிட்டன் தடை போட்டுவிட்டது. ஆகவே பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பார்க்க முடியாத பெற்றோருக்குக் கல்லறையைப் படமெடுத்து அனுப்பும் வேலையை அப்போதே ஆரம்பித்தார்கள். நீங்கள் செய்யப்போவது புதுப் பொழுதுபோக்கு இல்லை; நூறு வருஷத்துத் தபால் வேலை. இங்கிலாந்தில் போர்க் கல்லறைப் புகைப்படத் திட்டம் என்று ஒன்று, உலகத்தில் உள்ள அத்தனை கல்லையும் தன்னார்வலர்களை வைத்துப் படமெடுக்கப் புறப்பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால், 1905-லேயே, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்துத் தடிப் புத்தகமாகப் போட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கலெக்டர் ஆபீசில் நேரம் இருந்திருக்கிறது.

உள்ளே போனதும் முதலில் தோன்றுவது புல்வெளி. அடுத்துத் தோன்றுவது, இங்கே ஒரு பிரீ-வெட்டிங் ஷூட் வைத்தால் என்ன என்ற எண்ணம். அந்த எண்ணத்தை வாசலிலேயே செருப்பைப்போல் விட்டுவிட்டு நடக்கவும். அதன் பிறகு வரிசையைக் கவனியுங்கள். கல்லெல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். அதிகாரி என்றால் பெரிய கல், சமையற்காரன் என்றால் சின்னக் கல் என்று கிடையாது. பணக்காரக் குடும்பங்கள் கேட்டும் ஆணையம் மசியவில்லை. நம் பக்கம் எந்த லேஅவுட்டிலும் இப்படி ஒரு கொள்கை இருந்ததில்லை. கார்னர் பிளாட் என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது.

கல்லில் என்னென்ன இருக்கும்? படைப்பிரிவின் சின்னம், சேவை எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது, சமயச் சின்னம். அடியில் குடும்பத்தார் சொன்ன ஒரு வரி. அதற்கு ஆணையம் 66 எழுத்து என்று வரம்பு வைத்தது, இடைவெளியும் கணக்கில் சேரும். முதல் உலகப்போர் முடிந்த புதிதில் எழுத்துக்கு இவ்வளவு பென்ஸ் என்று காசு கேட்டுக் கெட்ட பெயரும் வாங்கியது. மகனைப் பற்றி 66 எழுத்தில் சொல்லி முடிக்க வேண்டும். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் இரங்கல் தெரிவிப்போர் பட்டியலுக்கே அது காணாது. அந்தக் கடைசி வரியைத்தான் நிதானமாக எடுக்க வேண்டும். புல் வளர்ந்து அதைத்தான் முதலில் மறைக்கும். மண்டியிட்டு எடுங்கள். முட்டி வலித்தால் வலிக்கட்டும்.

வெயில் விஷயம். உச்சிவெயிலில் எடுத்தால் எழுத்து தட்டையாகிக் கல் வெறும் வெள்ளையாக விழும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சம்தான் செதுக்கலைக் காட்டும். காலையோ மாலையோ போங்கள், அல்லது ஒரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுபோய் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து திருப்பிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். எழுத்து புரியவில்லையே என்று கோலமாவைத் தடவிப் பார்க்கும் ஆசை நமக்கு ரத்தத்தில் ஊறியது. சாக்பீஸ், கோலமாவு, ஷேவிங் கிரீம், கம்பி பிரஷ், தேங்காய் நார், எலுமிச்சைப் பழம் எதுவும் கல்லைத் தொடக்கூடாது. ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர், அதுவும் கொஞ்சம். கல்லில் சாய்ந்து நின்று டீ குடிப்பவர் இந்தக் கையேட்டை இத்துடன் மூடிவிடலாம்.

ஒரு கல்லுக்கு மூன்று படம்: வரிசையோடு ஒன்று, முழுக்கல் ஒன்று, எழுத்து மட்டும் ஒன்று. பகுதி, வரிசை, கல்லறை எண் மூன்றையும் அங்கேயே நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஐ.எம்.ஜி. 4471 என்ற பெயரில் ஒரு வீரர் உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டாம் முறை காணாமல் போவார். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் பிழையோடே எழுதுங்கள். படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் யோசிக்கவும். "எந்த இடம்ப்பா? சதுர அடி என்ன ரேட்டு?" என்று மாமா ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.

தோட்டத்தின் பின்பக்கம் ஒரு நினைவுச்சுவர் இருக்கிறது, 1914–1918 போருக்கானது. இந்தியாவில் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைத் தொடர்ந்து காப்பாற்ற முடியாமல்போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. ஆளுக்கு இடமில்லை என்றாலும் பெயருக்கு இடம் உண்டு என்பது ஆணையத்தின் கொள்கை. இந்த இடத்தில் கேமராவை இறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். பிரிட்டன் பையனுக்கு நந்தம்பாக்கத்தில் இவ்வளவு மரியாதை நடக்கிறதே, செங்கல்பட்டுப் பையனுக்கு அவன் செத்த சீமையில் என்ன நடந்தது?

ஒரு செங்கல்பட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்லலாம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன். மதராஸ் சாப்பர்ஸ், அதாவது பட்டாளத்தில் 'தம்பி'கள் என்று அழைக்கப்படும் கூட்டம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். கண்ணிவெடி தேடும் கூட்டத்தில் முன்னால் போன ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில வினாடிகள்தான். சுப்ரமணியன் அதன்மேல் விழுந்து மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கிடைத்தது. அவருக்குக் கல்லறை கிடையாது, எரியூட்டிவிட்டார்கள். சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கிறது. கல்லறைக் கல்லைத் தேடிக்கொண்டு அங்கே போய் நிற்கும் தமிழர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடக்கூடும். ஆகவே குறிப்பு: நம்மவர்களைத் தேடுபவர்கள் மண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கவும்.

சுவரைப் பார்த்தாலும் சில இடத்தில் பயனில்லை. முதல் உலகப்போரில் மெசபொடேமியாவுக்கும் தம்பிகள் போனார்கள். அங்கே கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-ல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். பிரிட்டன்காரர் என்றால் கடைசிச் சிப்பாய்வரை பெயர். இந்தியர் என்றால் அதிகாரிக்குப் பெயர், சிப்பாய்க்குத் தலைக்கணக்கு: இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர். கல்லின் அளவில் சமத்துவம் பார்த்த அதே ஆணையம்தான். போதாக்குறைக்கு 1997-ல் சதாம் உசேன் உத்தரவில் அந்த நினைவுச்சின்னம் மொத்தத்தையும் பெயர்த்து 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் நட்டார்கள். அசையாத பொருள் என்று ஆரம்பத்தில் நான் கொடுத்த உத்தரவாதம் பஸ்ராவுக்குச் செல்லாது. பெயரே பதியப்படாமலோ எந்தச் சின்னமும் இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூட இருக்கலாம் என்று ஆணையமே 2021-ல் அறிக்கை விட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். பிரிட்டன் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள்.

இதற்காக பஸ்ரா வரை போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் ஒரு சலவைக்கல் பலகை இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள். அவ்வளவுதான், பெயர் இல்லை. படமெடுக்கும் முறை: மேலே அடித்த சுண்ணாம்பையும் அதன்மேல் ஒட்டிய காதுகுத்துப் போஸ்டரையும் ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு நனைத்து எடுக்கவும். போஸ்டரில் தாய்மாமன் பெயர் வரை இருக்கும்.

இத்தனைக்கும் செத்தவனுக்குக் கல் வைப்பதை நமக்கு லண்டனிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. கால்நடைச் சண்டையில் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கள்ளர்களைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் பக்கத்தில் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த பெயர் இருபதாம் நூற்றாண்டில் சாம்ராஜ்யத்தின் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சயாம் மரண ரயில்பாதையில் செத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாய்க் கல்லறை. அதே பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோய்ப் பல்லாயிரக்கணக்கில் சாகக்கொடுத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் சிப்பாய்கள் இல்லையாம். மலேசியத் தமிழர்கள் அண்மையில் அவர்களுக்காக அந்த ஊரில் ஒரு கல் நட்டார்கள். அதற்கு வைத்த பெயரும் நடுகல்தான். அந்த ரயில்பாதையின் பாலத்தில் செல்ஃபி எடுத்து முடித்தவர்கள் அதையும் ஒரு படம் எடுக்கலாம்.

கடைசியாக வீட்டு வேலை ஒன்று. கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று உங்கள் குடும்பத்தில் பேச்சு இருந்தால் பீரோவின் அடித்தட்டைத் துழாவுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் ஒன்று வெள்ளி. அதன் விளிம்பில், வட்டமாக, பொடி எழுத்தில், எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருப்பார்கள். பஸ்ராச் சுவர் விட்டது அங்கே இருக்கலாம். சேட்டுக் கடையில் எடையை மட்டும்தான் பார்ப்பார்கள்; நீங்கள் அதற்கு முன்னால் மேக்ரோ லென்ஸை மாட்டி, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விளிம்பைச் சுற்றி ஒரு எழுத்து விடாமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் கொலுசாக உருக்கிக்கொள்ளலாம். வெள்ளி இப்போது நல்ல விலைக்குப் போகிறது.