தொட்டில் கட்டும் முன்

தத்தெடுப்பு பற்றிய கடிதங்கள் இந்த மாதம் கட்டுக் கட்டாக வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரச் சபை மக்கள் எழுதியவை. ஆகவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

கே: ஐயா, பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்க ஜெபித்துத் தீர்மானித்துவிட்டோம். சபையில் பண உதவி கேட்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கேட்பது அவிசுவாசம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

ப: உங்கள் வீட்டுக்காரர். நெகேமியா எருசலேம் அலங்கத்தைக் கட்டக் கிளம்பியபோது, ராஜாவின் முன் நின்றபடியே மனதுக்குள் ஜெபித்தார். உடனே வாய் திறந்து வழிப்பயணத்துக்குக் கடிதமும் வாசல்களுக்கு மரமும் கேட்டார். ஜெபித்தவர் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாமியாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள், அம்மா. கேட்கிறவர்கள் சில நேரம் நெருக்குகிறார்கள். "உங்களிடம் கேட்கச் சொல்லி கர்த்தர் ஏவினார்" என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் இல்லை என்று சொல்ல வழியே இருக்காது. இன்ன செலவு, இவ்வளவு தேவை என்று சொல்லி நிறுத்துங்கள். கொடுக்காதவருக்கும் அடுத்த ஞாயிறு அதே முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்ல முடிய வேண்டும்.

கே: ஜார்ஜ் முல்லர் ஆயிரக்கணக்கான அனாதைகளை வளர்த்தார், யாரிடமும் கை நீட்டவில்லை. நமக்கு மட்டும் ஏன் அந்த விசுவாசம் இல்லை?
– வாசகர், கிள்ளான்

ப: முல்லர் கை நீட்டவில்லை என்பது உண்மை. 1836-ல் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய இல்லங்கள் வரை கட்டினார். அவர் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். பிரசங்கங்களில் நாம் கேட்பது இதுவரைதான். அதிகம் சொல்லப்படாத மீதிக் கதை அவருடைய கணக்குப் புத்தகம்.

முல்லர் ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டார். வந்த சில்லறைக் காசுகூட அதில் இருக்கும். முதல் இல்லத்துக்காக வந்து சேர்ந்த தட்டு, கிண்ணம், கத்தி, முள்கரண்டி, ஒரு துருவி வரை எண்ணிக் குறித்திருக்கிறார். கொடுத்தவர்கள் பெயரை வெளியிடவில்லை, வந்த தொகையை மறைக்கவும் இல்லை. கொடுத்தவர் யாரும் அறிக்கையைப் பிரித்துத் தன் காசு சேர்ந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளலாம்.

நம் திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் இதே வழியில் நடந்தார். 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர், 1951-ல் அங்கேயே கண்மூடும் வரை பணம் கேட்டு விண்ணப்பம் விடவில்லை. கேட்காமல் இருப்பது இவர்களுக்குக் கிடைத்த தனி அழைப்பு. அதை எல்லார் தலையிலும் சுமத்த வேண்டியதில்லை. கணக்கு எழுதுவதோ நம் எல்லார் கடமை. முல்லரைப் போல விசுவாசம் வேண்டும் என்று ஜெபிக்கும் ஒவ்வொருவரும் முல்லரைப் போல ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: தெரிந்தவர் மூலமாக ஒரு குழந்தை வருகிறது. தாய்க்கு இன்னும் பிரசவம் ஆகவில்லை. "செலவுக்கு" 20,000 வெள்ளி கேட்கிறார் நடுவில் இருப்பவர். சபையில் திரட்டலாமா?
– வாசகர், காப்பார்

ப: ஒரு காசும் திரட்டாதீர்கள், ஒரு காசும் கொடுக்காதீர்கள், தம்பி. அவர் உங்களிடம் கேட்பது குழந்தைக்கு விலை.

பணத்துக்காக ஒரு பிள்ளையைக் கைமாற்றும் எந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கெடுத்தாலும் குற்றம் என்கிறது 2001-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. தண்டனை 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தத்தெடுப்புக்காகப் பணம் கைமாறியதா என்று நீதிபதியும் பார்ப்பார். நீதிமன்றம் அனுமதித்ததைத் தவிர வேறு பணம் புழங்கியிருக்கக் கூடாது.

சட்டத்தை விடுங்கள். அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். கையில் காசில்லாத ஒரு பெண், வயிற்றில் பிள்ளை, பக்கத்தில் தொகை பேசும் ஓர் ஆள். அந்த 20,000-ல் அவளுக்கு எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? தன் பிள்ளையைத் தானே வளர்க்க ஆசைப்படுகிறாளா என்று யாராவது அவளைக் கேட்டார்களா? உங்கள் சபை உதவ நினைத்தால் முதலில் அவளுக்கு உதவட்டும், பிள்ளையை எதிர்பார்க்காமல். சமூக நல இலாகாவுக்கு அவளை அழைத்துப் போக ஒரு சகோதரியை அனுப்புங்கள். குழந்தைக்கு வீடு தேடும் நேர்வழியும் அந்த இலாகாவில்தான் தொடங்குகிறது. பிள்ளையை வளர்க்க முடியாதவர்கள் பத்திரமாக விட்டுச் செல்லப் பெட்டாலிங் ஜெயாவில் 2010-ல் குழந்தைத் தொட்டில் திறந்த ஆர்ஃபன்கேர் அறக்கட்டளையும் இருக்கிறது.

கே: பிள்ளைக்கு விலை இல்லை என்றால் பணம் திரட்டுவது எதற்கு?
– வாசகி, செந்தூல்

ப: நல்ல கேள்வி. வக்கீல் கட்டணம், நீதிமன்றப் பத்திரச் செலவு, மருத்துவப் பரிசோதனை, அலைச்சலுக்கு ஆகும் சம்பளமில்லா விடுப்பு, பிறகு பால்மாவு, பெம்பர்ஸ், தடுப்பூசி, இரவில் காய்ச்சல் வந்தால் கிளினிக். இவற்றைத் தாளில் எழுதுங்கள். முதலில் உங்கள் கையிருப்பைக் கழியுங்கள். ஊழியர் சேமநிதியில் (கேடபிள்யூஎஸ்பி) 2024 மே முதல் ஃபிளெக்சிபல் என்ற மூன்றாவது கணக்கு இருக்கிறது, அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சம்பளம் குறைவு என்றால் சட்ட உதவி இலாகாவிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் உங்கள் வழக்கை எடுப்பார்களா என்று விசாரியுங்கள். மிச்சம் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் சபையிடம் கேளுங்கள்.

கே: வக்கீல் எதற்கு? தேசியப் பதிவிலாகாவில் பதிந்தால் செலவு குறைவாமே?
– வாசகர், பூச்சோங்

ப: குறைவுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தீபகற்ப மலேசியாவில் இரண்டு சட்டங்கள், இரண்டுமே 1952-ல் வந்தவை. ஒன்று தத்தெடுப்புச் சட்டம். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். பிள்ளை மூன்று மாதமாவது தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும், சமூக நல இலாகாவுக்கும் உத்தரவுக்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உத்தரவு கிடைத்ததும் அந்தப் பிள்ளை, வயிற்றில் பிறந்த பிள்ளைக்குரிய வாரிசு உரிமையோடு உங்கள் பிள்ளை.

மற்றது தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். பிள்ளை இரண்டு ஆண்டு உங்களிடம் வளர்ந்திருந்தால் பதிவிலாகாவில் பதியலாம். நீங்கள் உயில் எழுதாமல் போய்விட்டால், பதிவு மட்டும் உள்ள பிள்ளைக்கு உங்கள் சொத்தில் தானாகப் பங்கு வராது. வக்கீல் காசை மிச்சப்படுத்திய வீட்டில், அப்பாவை அடக்கம் செய்த பிறகு சித்தப்பாமார் வந்து உட்கார்வார்கள். முடிந்தால் நீதிமன்றம் போங்கள். முடியாவிட்டால் பதிவு செய்த அதே மாதம் உயில் எழுதுங்கள்.

இன்னொன்று. நீதிமன்ற வழி முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும், பிள்ளைக்கும் இது பொருந்தும். பெற்றோரின் மதம் என்ன என்று முதல் நாளே தெளிவாகக் கேளுங்கள். பிள்ளை கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

கே: தத்தெடுத்துவிட்டால் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை வந்துவிடும்தானே?
– வாசகி, ரவாங்

ப: வராது. இது தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையைப் பள்ளிக்குச் சேர்க்கும் நாளில் அழுதிருக்கின்றன. பிறப்புச் சான்றிதழான சூராட் பெரானாக்கைக் கையில் வாங்கியதும் பெயரைப் பார்க்குமுன் குடியுரிமை வரியைப் பாருங்கள். "வார்கானெகாரா" (குடிமகன்) என்று இருந்தால் நிம்மதி. "புக்கான் வார்கானெகாரா" (குடிமகன் அல்ல) என்று இருந்தால் அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவில் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட பிள்ளைக்கு ஒரு வெளிச்சம் உண்டு. அப்படி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்த பெற்றோர் வழக்குத் தொடுத்து, பிள்ளை மலேசியக் குடிமகவே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். எந்த நிலையானாலும் சரி, காத்திருக்கும் ஆண்டுகளுக்கான மருத்துவச் செலவையும் உங்கள் தாளில் சேருங்கள்.

கே: கூட்டுச் சீட்டு எடுத்துச் சமாளிக்கலாமா? இல்லை வட்டிக்கு?
– வாசகர், பந்திங்

ப: விளக்குக் கம்பத்தில் நம்பர் ஒட்டும் ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரனிடம் போகவே போகாதீர்கள். அவன் ஆட்கள் வந்து கதவில் சாயம் ஊற்றும் வீட்டில் பிள்ளையைத் தூங்க வைக்க முடியாது. கூட்டும் வேண்டாம். அதை நடத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கு 1971 முதல் தடைச் சட்டம் இருக்கிறது.

கே: நன்கொடை அட்டை அடித்து, லிட்டில் இந்தியாவில் கடை கடையாகக் கேட்கலாம் என்று இளைஞர் குழு சொல்கிறது.
– வாசகி, கிள்ளான்

ப: உரிமம் இல்லாமல் கூடாது. வீடு வீடாகவும் தெருவிலும் பணம் திரட்டுவதற்கு 1947 முதலே சட்டம் இருக்கிறது. தெங்கு கிளானா சாலைக் கடைக்காரர்கள் இப்படி எத்தனை அட்டைகளைப் பார்த்திருப்பார்கள்! உங்களை அறியாதவரிடம் போக வேண்டாம். உங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் பார்த்திருக்கிறவர்கள் கொடுத்தால் போதும்.

கே: ஆராதனை முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் விற்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ப: கூப்பனுக்கு அடிக்கட்டை வையுங்கள். பணத்தை எண்ணுவது இருவராக இருக்கட்டும், அதில் ஒருவர் உங்கள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அரிசி, கோழி, எண்ணெய் வாங்கிய ரசீதுகளைக் கழித்து, மிச்சத்தை அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது பையைத் தான் மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரர்களைக் கூடவே அனுப்பினார், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று. வாங்குகிறவர் வரிக்கழிவு ரசீது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புகள்தான் அதைத் தர முடியும்.

கே: குழந்தையின் படத்தையும், அது எப்படி எங்களிடம் வந்தது என்பதையும் வாட்ஸ்அப்பில் போட்டால் உதவி சீக்கிரம் வருகிறது. தவறா?
– வாசகி, ஷா ஆலம்

ப: தவறு, அம்மா. அந்தக் கதை உங்களுடையது அல்ல, பிள்ளையுடையது. பதினைந்து வயதில் வகுப்பில் யாரோ அந்தப் பழைய படத்தைக் காட்டி, "உனக்கு எங்கம்மாவும் ஐம்பது வெள்ளி கொடுத்தாங்க" என்று சொல்ல இடம் வைக்காதீர்கள். செலவுத் தாளை அனுப்புங்கள், படத்தை அனுப்பாதீர்கள். சாட்சி சொல்ல ஆசையிருந்தால் உங்கள் காத்திருப்பைச் சொல்லுங்கள்.

கே: பாதிப் பணம்தான் சேர்ந்தது. கர்த்தருக்குச் சித்தமில்லை என்று விட்டுவிடலாமா?
– வாசகர், கிள்ளான்

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பணத்தைவிடக் காத்திருப்புதான் உங்களைக் களைக்க வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

பணம் சேராததைக் கர்த்தர் தந்த பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் முழுதாகச் சேர்ந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். வங்கிக் கணக்கைப் பார்த்து அவர் சித்தத்தை அறிய முடியும் என்றால் பணக்காரர்களுக்கு எல்லாமே சித்தமாகிவிடும். உங்கள் வீட்டுக்கு வந்து அறையையும், வருமானத்தையும், நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசும் விதத்தையும் பார்க்கும் சமூக நல அதிகாரியின் அறிக்கைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அவர் தடைக்கல் அல்ல. அந்தப் பிள்ளைக்காக நிற்கக் கர்த்தர் வைத்திருக்கும் ஆளாகவும் அவர் இருக்கலாம்.

சேர்ந்ததைச் சபைப் பொருளாளர் பெயரும் உள்ள கணக்கில் போடுங்கள். நிலவரத்தைக் கொடுத்தவர்களுக்குச் சொல்லுங்கள். ஆறு மாதம் கேட்பதை நிறுத்துங்கள், ஜெபத்தை நிறுத்தாதீர்கள். அதற்குள் சட்ட உதவிக்கு முயலுங்கள். உங்கள் மனைவி இதையெல்லாம் எப்படித் தாங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லையே? இன்று இரவு கேளுங்கள்.

கே: சீனக் குழந்தை கிடைக்கும் போலிருக்கிறது. "நம்ம சாயல் வராதே" என்கிறார் அத்தை.
– வாசகி, சுபாங்

ப: அத்தையைக் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள். சேலை கட்டி, மல்லிகை வைத்து, பந்தியில் நின்று "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க அண்ணே" என்று அதட்டும் சீன முகத்து அக்காமார் எத்தனை பேர்! வறுமையில் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தோட்டத்திலும் லைன் வீட்டிலும் நம் பாட்டிமார் வாங்கி வளர்த்தார்கள். கையில் காசிருந்து வளர்த்தவர்கள் அல்ல அவர்கள்.

கே: எல்லாச் செலவும் போக 1,340 வெள்ளி மீந்திருக்கிறது. பிள்ளையின் பெயரில் போட்டுவிடலாமா?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

ப: கொடுத்தவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். வக்கீலுக்கும் மருந்துக்கும் என்று சொல்லித்தானே வாங்கினீர்கள்? கணக்கை அனுப்பி மூன்று வழி சொல்லுங்கள்: திருப்பித் தருவது, சபையில் அடுத்துத் தத்தெடுக்கும் தம்பதிக்கு வைப்பது, பிள்ளைக்குச் சேமிப்பது. திருப்பிக் கேட்பவருக்கு முதலில் கொடுங்கள், அன்றைக்கே.