வளர்ந்துகொண்டே இருப்பவர்

கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களில் 'வளரும் தலைவர்கள் முகாம்' என்றொரு வருடாந்தரச் சடங்கு உண்டு. இடம் பெரும்பாலும் கொடைக்கானல்; தலைப்பு பெரும்பாலும் 'பணிவிடைத் தலைமை'. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை இயக்குநர் ஐயா உருக்கமாக விளக்குவார். முடிப்பதற்குள் வளரும் தலைவர் ஒருவர் ஓடிப்போய் ஐயாவுக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். அவருக்கு வயது 46. இன்னும் வளர்கிறார். புரொஜெக்டரை லேப்டாப்போடு இணைப்பது, மைக் செட்காரரை அதட்டுவது, நன்றியுரை எல்லாம் முழுக்க அவர் பொறுப்பு. செக்கில் கையெழுத்து மட்டும் ஐயா.

1844இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியபோது ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு 22 வயது, துணிக்கடைச் சிப்பந்தி. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் எழும்ப முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இன்றைக்கு வந்திருந்தால் இருவரையும் 'அனுபவம் போதாது' என்று இந்த முகாமுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள், போர்வையும் பைபிளும் கொண்டுவரச் சொல்லி.

"ஐயா, உங்களுக்கு அப்புறம் யாரு?" என்று எவரேனும் கேட்டுவிட்டால், "ஜெபத்துல வச்சுக்கோங்க தம்பி, கர்த்தர் காட்டுவார்" என்பார். யோசுவாவிடம் பொறுப்பை விட்டுப்போகும்போது மோசேக்கு 120 வயது. ஐயாவுக்கு 71தான் ஆகிறது.

ஒருவேளை கர்த்தர் சீக்கிரமே காட்டிவிட்டால்? ஐயாவின் மகன் அமெரிக்காவில் இறையியல் முடிக்கப்போகிறார். அவருக்கு முகாமெல்லாம் கிடையாது. நேரே வரவேற்புக் கூட்டம்தான்.