எழாக் கணினிப் புணரியல்: மதர்போர்டு மாற்றமும் அதன் பின்வரும் மௌனமும்

மதர்போர்டை மாற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினால் கணினி எழுவதில்லை. இந்நிகழ்வுக்கு வழக்கில் உள்ள விளக்கங்கள் இரண்டு. "போர்டு டெட்" என்பது ஒரு சாரார் கொள்கை; "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்" என்பது மறுசாரார் கொள்கை. இரு சாராரும் தம்முள் எவ்வளவு சண்டையிட்டாலும், பழுது ஏதோ ஒரு பாகத்துக்குள் குடியிருக்கிறது என்பதில் ஒருமித்தவர்கள். ஆகவே இவர்களைப் பாகவாதிகள் எனலாம். பாகவாதம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. என்னை? எஸ்எம்பிஎஸ் அன்று காலைவரை பழைய போர்டை ஓட்டிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. புது போர்டோ சீல் உடைக்காத பெட்டியிலிருந்து வந்தது. தனித்தனியே நன்னடத்தைச் சான்றிதழ் வைத்திருக்கும் இவை, சேர்த்து மாட்டியவுடன் வாய் மூடிக்கொள்கின்றன என்றால், குற்றத்தைச் சேர்க்கையில்தான் தேட வேண்டும். இரண்டு சேரும் இடத்தில் என்ன நேரும் என்று ஆராய்வதற்கென்றே தமிழில் புணரியல் என்றொரு சாத்திரம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், நிலைமொழியோடு வருமொழி சேரும்போது ஒன்று இயல்பாக முடியும், இல்லையேல் விகாரப்படும் என்கிறது. விகாரம் மூன்றே: தோன்றல், திரிதல், கெடுதல். கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நிலைமொழி, புது போர்டு வருமொழி என்று கொண்டால், எழாத கணினிகள் அனைத்தும் இம்மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகையில் மகர மெய் காணாமல் போகிறதே, அது கெடுதல். போர்டு மாற்றத்தில் மிகுதியும் காணப்படுவது இதுதான். கெடுவது பெரும்பாலும் ஒரே வயர். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டர் தடித்தது, கண்ணில் படுவது, யாரும் மறக்காதது. பிராசசருக்கென்று தனியாக 12 வோல்ட் கொண்டுவரும் 4 அல்லது 8 பின் கனெக்டரோ போர்டின் மேல் மூலையில், ஹீட் சிங்குக்கும் கேபினட்டின் கூரைக்கும் இடையே, விரல் நுழையாத சந்தில் இருக்கிறது. பென்டியம் 4 வந்த 2000ஆம் ஆண்டுவாக்கில் பிராசசரின் மின்பசி பெருகியதால் பிறந்த இணைப்பு இது. கால் நூற்றாண்டு ஆகியும் மனித நினைவில் இதற்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. இதை மாட்டாமல் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், வண்ண விளக்குகள் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது.

ஈண்டு ஒரு தடை எழுப்புவார் உளர். "ஃபேன் சுற்றுகிறதே! கரண்ட் வராமலா சுற்றுகிறது?" என்பது அவர் வினா. காட்சி அளவையை அளவுக்கு மீறி நம்புவதால் வரும் மயக்கம் இது. ஃபேனுக்கான 12 வோல்ட், 24 பின் கனெக்டர் வழியாக வந்து போர்டைக் கடந்து நேரே ஃபேனுக்குப் போய்விடும். பிராசசரிடம் அது அனுமதி கேட்பதில்லை. ஆகவே ஃபேன் சுற்றுவது ஃபேன் நன்றாக இருப்பதற்குச் சான்று. அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது. "பீப் சத்தம்கூட வரவில்லை" என்று இன்மையைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, சோதனை முடிந்து எல்லாம் நலம் என்றால் ஒரு குறும் பீப் தரும். இன்றைய கேபினட்டுகள் பலவற்றில் அந்தச் சத்தத்தை எழுப்பும் குட்டி ஸ்பீக்கரே கிடையாது. வாயில்லாதவன் பேசவில்லை என்பதிலிருந்து எதையும் அனுமானிக்க இயலாது. அதற்குப் பதிலாக இப்போதைய போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு பொட்டு விளக்குகள் உண்டு. பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, புணர்ச்சி அங்கே முறிந்தது என்று கொள்க. மேற்படி ஃபேன்வாதிகள் வண்ண விளக்குகளை மணிக்கணக்கில் ரசிப்பார்கள். இந்நான்கையும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

தோன்றல் சிறிய இயல், விரைவில் கடக்கலாம். வாழையும் பழமும் சேர்கையில் நடுவே ஒரு பகர மெய் வருவது மொழிக்கு அழகு. போர்டும் கேபினட்டும் சேர்கையில் நடுவே ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப் கூடுதலாக வந்தால் ஷார்ட். பழைய போர்டுக்கு அந்த இடத்தில் திருகு ஓட்டை இருந்தது, புதியதற்கு இல்லை. கழற்றாமல் விட்ட ஸ்டாண்டாஃப் போர்டின் அடிப்பக்கச் சால்டரை முட்டுகிறது. எஸ்எம்பிஎஸ் ஒரு கணம் துடித்து உடனே அடங்கினால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

திரிதலே ஆராய்ச்சிக்கு இனியது. பொன் குடத்தோடு சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல், இங்கே எல்லாம் இருக்கும். ஆனால் இருக்க வேண்டிய இடத்திலோ வடிவிலோ இருக்காது. நான்கு ரேம் ஸ்லாட்டில் இரண்டு ரேம் மாட்டுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் என்று கையேடு சொல்லும். கையோ முதலிரண்டுக்குப் போகும். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். பழக்கத்தால் போர்டின் சொருகியில் இருக்கும். பெயரின் ஈற்றில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது என்பதால், அவ்வழி எவ்வளவு காத்திருந்தாலும் படம் வராது. உருவம் ஒத்தும் உறவு ஒவ்வாத பகுதிகளும் உண்டு. எல்ஜிஏ 1151 சாக்கெட் சிறந்த எடுத்துக்காட்டு: 2017இல் வந்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் அதே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் முந்தைய 100, 200 வரிசை போர்டுகளில் ஓடா. 2018இன் பி450 போர்டில் 2020இன் ரைசன் 5000 பிராசசரை வைத்தால், பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பித்தால் தெரியும். எல்லாவற்றிலும் கொடிய திரிபு மாடுலர் எஸ்எம்பிஎஸ் கேபிளில் நிகழ்கிறது. போர்டுப் பக்கம் சொருகுவதற்குத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் சொருகுவதற்குப் பொதுத்தரம் கிடையாது. ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் அழகாகச் சொருகிக்கொள்ளும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் மாண்டுபோகும். அந்த மரணத்தைப் பாகவாதிகள் தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது முறையன்று. பாகம் செத்தது உண்மை, கொன்றது புணர்ச்சி.

இனி, அழிரப்பர் மரபினர். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் காலை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் கணினி எழும் என்பது இவர்கள் கோட்பாடு. எழுந்தும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயின் அச்செயலில் கழற்றல், தேய்த்தல், மாட்டல் என மூன்று வினைகள் உள. எழுச்சிக்குக் காரணம் நடுவினைதான் என்று நிறுவ, தேய்க்காமல் வெறுமனே கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். அச்சோதனையை இம்மரபினர் செய்வதே இல்லை. பத்தாண்டுப் பழைய ரேமில் பாசி பிடித்திருக்கலாம். அங்கே ரப்பருக்கு வேலை உண்டு. அன்றைக்குத்தான் உறையிலிருந்து எடுத்த ரேமில் அழுக்கு எங்கிருந்து வந்தது? ஒரு முனை "டிக்" என்று பூட்டியதும் கை நின்றுவிட்டது, மறுமுனை அரைகுறையாக நிற்கிறது. திரும்ப மாட்டும்போது இரண்டாவது "டிக்"கும் கேட்டது. அவ்வளவே.

"பெட்டியிலேயே செத்து வரும் போர்டு இல்லையா?" எனின், உண்டு. ஆனால் அது கடைசியில் அடைய வேண்டிய முடிபு. அதை அடையும் வழி பதம் பிரித்தல். போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைக்க வேண்டும். பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு கனெக்டர், படம் வர ஒரு வழி. மற்றவை யாவும் விலக்கு. கேபினட்டின் பட்டன் என்பது இரண்டு பின்களை ஒரு கணம் தொடவைக்கும் சுவிட்ச் மட்டுமே ஆதலின், ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அவ்விரண்டையும் தொட்டாலே போதும். இந்நிலையில் எழுந்தால் போர்டு குற்றமற்றது. பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து எங்கே விகாரப்படுகிறது என்று காணலாம். எழாவிட்டால் பிராசசரைத் தூக்கி சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஏஎம்5 சாக்கெட்டில் 1718 பின்கள். ஒன்று வளைந்திருந்தாலும் போதும். அதுவும் நேராக இருந்தால் மட்டுமே "போர்டு டெட்" என்று சொல்லும் உரிமை பிறக்கிறது.

விகாரமே இல்லாமல் விகாரம்போல் தோன்றும் ஒரு வகையும் உண்டு. டிடிஆர்5 ரேம் உள்ள போர்டு முதன்முறை எழும்போது ரேமின் நேரக்கணக்கைத் தானே சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. மெமரி டிரெய்னிங் எனப்படும் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கருப்பு. பொறுமையிழந்தவர் சுவிட்சை அணைத்துப் போடுகிறார். பயிற்சி முதலிலிருந்து தொடங்குகிறது. இன்னும் ஊக்கமுள்ளவர் சிஆர்2032 செல்லைக் கழற்றி பயாஸை ரீசெட் செய்கிறார். கற்றது ஏதும் எஞ்சியிருந்தால் அதுவும் போகிறது. இவ்வாறு முற்றிலும் நலமான கணினியை எழவிடாமல் ஒரு முழு மாலையும் தடுக்க இயலும்.

"இவ்வளவு இலக்கணம் எதற்கு? ரிச்சி தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் கால் மணி நேரத்தில் முடித்துத் தருவாரே" என்பது எஞ்சிய தடை. முடித்துத் தருவார். அவரும் போர்டை அட்டைமேல் வைத்து, ஒரு ரேமை மட்டும் விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பின்களைத் தொட்டுத்தான் பார்க்கிறார். மேல் மூலையில் மாட்டாமல் விட்ட 8 பின் கனெக்டரை அழுத்திச் சொருகிவிட்டு, "போர்டுல சின்ன ப்ராப்ளம் சார், சரி பண்ணிட்டேன்" என்று வாடிக்கையாளர் திருப்திக்காகப் பாகவாதத்தில் பில் போடுகிறார். அவர் உள்ளூரப் புணரியல்வாதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அந்த பில்லின் தொகை தகுமா என்பது பொருளியலார் ஆராய வேண்டியது.