பைக்கு யார் காவல்?

நேற்று ராத்திரி 11 மணிக்கு மாமா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார். கேள்வி: வொண்டர்லா எப்போது? கீழே நான்கு விடைகள்: சனி, ஞாயிறு, புதன், உங்கள் இஷ்டம். விடிவதற்குள் எல்லோரும் நான்காவதை அழுத்தியிருந்தார்கள், ஓட்டெடுப்பு வைத்த மாமா உள்பட. நாத்தனார் மட்டும் நான்கையும் அழுத்தி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையையும் போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொம்மையைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிகிறது.

டிக்கெட் விஷயமாக நான் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிறேன்.

நாங்கள் இருப்பது பெங்களூர் மர்பி டவுனில். நாக்ஸ்பேட்டை என்று இருந்த இடம், மர்பி என்கிற எஞ்சினியர் பெயரில் மர்பி டவுன் ஆனது. மனுஷன் தெருவும் வீடுமாகப் பிளான் போட்டார், அது நிலைத்துவிட்டது. அவர் பெயர் வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, பத்துப் பேர் ஒரே ஒரு பகல் பொழுதைப் பிளான் போட முடியவில்லை. "அவசரப்படாதம்மா, அல்சூர் ஏரிகிட்ட திருவள்ளுவர் எத்தன வருஷம் காத்திருந்தாரு?" என்கிறார் மாமா. உண்மைதான். 1991-ல் வைத்த சிலை சாக்கு சுற்றியபடி பதினெட்டு வருஷம் நின்று, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். மாமா அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்தவர். ஆனால் வள்ளுவருக்கு டயபர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வொண்டர்லா இருப்பது மைசூர் ரோட்டில், பிடதி பக்கம். நாங்கள் ஊரின் இந்தக் கோடி, அது அந்தக் கோடியையும் தாண்டி. வேன் வைக்கலாம் என்றேன். "எதுக்கு வேனு? இப்ப ராமநகரம் ஜில்லாவே பெங்களூர் சவுத்துன்னு ஆயிடுச்சே. ஊருக்குள்ள போறதுக்கு யாராச்சும் வேன் வெப்பாங்களா?" இது மாமா. 2025-ல் கர்நாடக அமைச்சரவை மாவட்டத்தின் பெயரை மாற்றியது. மாமாவைப் பொறுத்தவரை அன்றைக்கே தூரமும் குறைந்துவிட்டது. அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் சல்லகட்டா வரை ஒரே வண்டி, அப்புறம் பஸ் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் ஸ்ட்ரோலர் இல்லை, அத்தையின் முட்டி இல்லை, தூங்கிப்போன குழந்தையின் எடை இல்லை. பிடதி தட்டு இட்லி மட்டும் இருக்கிறது. மாமாவுக்கு இந்தப் பயணமே தட்டு இட்லிதான். மேலே ஒரு உருண்டை வெண்ணெய். அதற்கு எதிரே தற்செயலாக ஒரு பொழுதுபோக்குப் பூங்காவும் இருக்கிறது.

குழந்தைகள் இரண்டு. என் பெண்ணுக்கு இரண்டரை வயது, நாத்தனார் பையனுக்கு அதற்கும் கீழே. அங்கே வயதுக் கணக்கு கிடையாது, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். இது தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு நிலைக்கதவு ஒரு நீதிமன்றமாகிவிட்டது. பேத்தி வளர வளரப் பென்சிலால் கோடு போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே அத்தை, இப்போது அவளைக் கதவோரம் நிறுத்தி, "கண்ணு, கொஞ்சம் முட்டிய மடக்கி நில்லு" என்று பயிற்சி கொடுக்கிறார். ராகிக் கஞ்சியை ஒரு வாரத்துக்கு நிறுத்தலாமா என்று யோசனைகூட வந்தது. என் பெண்ணுக்கு முட்டி மடக்குவது பிடித்துப்போய், இப்போது வீடு முழுக்க அப்படியேதான் நடக்கிறாள்.

இன்னொரு பக்கம் என் அப்பா. கே.ஜி.எஃப்-காரர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும் வரைக்கும் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்குப் போய்வந்தவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உயரத்திலிருந்து சடாரென்று ஆளைக் கீழே விடும் ராட்டினம் ஒன்றின் வீடியோவை நாத்தனார் மாப்பிள்ளை காட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுக்கு இவங்க நம்மகிட்ட காசு வாங்குறாங்களா, நமக்குக் காசு குடுக்குறாங்களா?" வாங்குகிறார்கள் என்றேன். "கம்பெனி எனக்குச் சம்பளம் குடுத்து எறக்குச்சும்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு பேசினாலும் அவரால் ஏற முடியாது. பி.பி. இருக்கிறது, பி.பி., இதய நோய், கர்ப்பம் இருந்தால் ஏறக் கூடாது என்று இந்த மாதிரி ராட்டினங்களின் வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள்.

அந்தப் பலகையை வைத்து ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு பி.பி. மாமாவுக்கும் அத்தைக்கும் முட்டி, அத்தைக்குக் கூடவே சுகரும் தலைச்சுற்றலும். அம்மாவுக்குப் பயம். நாத்தனாருக்கு ஐந்தாம் மாசம். குழந்தைகளுக்கு உயரம் போதாது. என் வீட்டுக்காரருக்கு நந்தி மலை வளைவிலேயே குடலைப் புரட்டும். நாத்தனார் மாப்பிள்ளை ஐ.டி.-யில் இருக்கிறார், எங்கே போனாலும் "கால்ல இருக்கேன்" என்று ஓரமாக நிற்பார். மிச்சம் நான் ஒருத்தி. குழந்தைக்கு யார் ஊட்டுவது?

ஆக, டிக்கெட். ஆனால் அதற்கு முன்னால் பை விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பை என்று ஒருமையில் சொல்வது ஒரு மரியாதைக்கு. டயபர், மாற்றுத் துணி, அந்த மாற்றுத் துணி நனைந்தால் மாற்ற இன்னொரு மாற்றுத் துணி, ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், கிரைப் வாட்டர், சுகர் மாத்திரை, முட்டி பெல்ட், தைலம், மே மாசத்திலும் குல்லா. அப்புறம் அத்தையின் புளியோதரை. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்றேன். "அது சாப்பாடு இல்ல. சோமேஸ்வரர் கோயில் பிரசாதம்னு சொல்லிக்கலாம்" என்றார் அத்தை. எவ்வளவு பிரசாதம் என்று கேட்டேன். ரெண்டு தூக்கு.

இத்தனையையும் யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தமிழ்க் குடும்பம் எதுவும் வாசல்படி தாண்டியதில்லை. உங்கள் வீட்டில் அது யார் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் என் அம்மா. அம்மா மெரினாவுக்குப் போயிருக்கிறார். கடலுக்கு முதுகைக் காட்டி, பைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். மைசூர் அரண்மனைக்குப் போயிருக்கிறார். அரண்மனையைவிட எங்கள் செருப்புகளை நன்றாக அறிவார். லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய், கண்ணாடி மாளிகைக்கு வெளியே பைகளோடு உட்கார்ந்து, "பூவெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று எங்களைக் கேட்டவர். "அம்மா, நீங்க போங்க, நான் உட்கார்றேன்" என்று நாங்கள் சொல்லாமலில்லை. சொல்லும்போதே நடக்க ஆரம்பித்துவிடுவோம்.

இந்த முறை விடுவதில்லை என்று நினைத்தேன். அங்கே லாக்கர் உண்டு, எல்லாவற்றையும் அதில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று அறிவித்தேன். கொஞ்ச நேரம் அமைதி.

"பூட்டிட்டு சாவிய என்ன பண்ணுவீங்க?" என்றார் மாமா.

"கையில வெச்சுக்கலாம் மாமா."

"தண்ணியில எறங்குறவங்க கையில சாவியா?"

"எறங்காதவங்க வெச்சுக்கட்டும்."

"எறங்காதவங்க எங்க இருப்பாங்க?"

"எங்கயாச்சும் நிழல்ல உட்கார்ந்திருப்பாங்க."

"சும்மாத்தானே உட்கார்ந்திருக்காங்க? பையையும் பக்கத்துல வெச்சுட்டா லாக்கர் காசு மிச்சம்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எம்.காம். படித்திருக்கிறேன். பதில் இல்லை.

சரி, அம்மா உட்காரட்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முடிந்ததா? "சம்பந்தியம்மாவ தனியா உட்கார வெச்சுட்டு நான் மட்டும் சுத்துறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று அத்தையும் உட்காருவார். பிடதியில் எங்களைத் தெரிந்த அந்த நாலு பேர் யாரென்று கேட்கக் கூடாது. இரண்டு பெண்களைத் தெரியாத இடத்தில் தனியாக விடுவானேன் என்று அப்பா உட்காருவார். அப்பா உட்கார்ந்தால் மாமா உட்கார வேண்டும்; பெண் கொடுத்தவரை உட்கார வைத்துவிட்டு, பையன் வீட்டுக்காரர் ராட்டினம் பார்க்கப் போனார் என்ற பேச்சு ஆகாது. இந்த இடத்தில் குழந்தைகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். புளியோதரை இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். "கே.ஜி.எஃப் தாத்தாகிட்ட போணும்" என்று ஒன்று அழ, "வீட்டுத் தாத்தா" என்று இன்னொன்று அழ, நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவாள். அப்புறம் மாப்பிள்ளை, சார்ஜர் எடுக்க. அது எந்தப் பையில் இருக்கிறது என்று தேடி எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், அல்லது போன் அணைந்துவிடும்.

உட்காரத்தான் போகிறோம் என்றால் அல்சூர் ஏரிக்கரையில் இல்லாத பெஞ்சா? அங்கே போக மாட்டார்கள். "அங்க போய் என்ன பண்றது, சும்மா உட்கார்ந்துட்டு வரணும்."

இந்த பெஞ்ச் விஷயத்தில் வால்ட் டிஸ்னி மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் அவருடைய பெண்கள் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து பிறந்தது 1955 ஜூலை 17-ல் திறந்த டிஸ்னிலேண்ட். உலகத்தில் உள்ள பார்க்குகளெல்லாம் அந்த வழியிலேயே கிளம்பின. பெஞ்சில் உட்கார அலுத்துப்போன ஒரு அப்பாவால் வந்த வினை இது. அவருக்கு என் மாமனார் மாமியார் போல யாரும் அமையவில்லை. பையும் இருந்திருக்காது, கடலைப் பொட்டலம் மட்டும்தான்.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். டிஸ்னிலேண்ட் திறந்த அன்றைக்குப் புதுத் தார் உருகிப் பெண்களின் ஹீல்ஸ் புதைந்த கதையையும் சொன்னேன். பிளம்பர்கள் ஸ்டிரைக்கால் எல்லாக் குழாயையும் முடிக்க முடியாமல், குடிதண்ணியா கழிப்பறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார் என்றேன். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வயசானவங்க கஷ்டம் தெரிஞ்ச ஆளு" என்றார். அப்பாவும் போனில் அதையே சொன்னார். இத்தனை நாள் பேச்சில் சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

வொண்டர்லாவைக் கட்டியவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, வி-கார்ட் ஸ்டெபிலைசர்காரர். கரண்ட் ஏறி இறங்காமல் இருக்க ஒரு பெட்டியை விற்றவர், பிறகு மனுஷர்களை ஏற்றி இறக்கவே 2000-ல் கொச்சியிலும் 2005-ல் இங்கேயும் பார்க் திறந்தார். கெட்டிக்காரர். அவர் வீட்டில் பத்துப் பேருக்கு நாள் குறிப்பது யார் என்று ஒரு முறை கேட்க வேண்டும்.

டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வந்தேனே. இதற்குள் அத்தை சமையலறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார். தண்ணீரில் இறங்க நைலான் உடைதான் போட வேண்டும், பருத்தி கூடாது என்று நாத்தனார் குரூப்பில் போட்டிருக்கிறாளாம். தண்ணீரில் இறங்கவே போகாத அத்தைக்கு அதில் ரோஷம்.

"சேலையோட காசியில முழுகினேன், ராமேஸ்வரத்துல முழுகினேன். கங்கையே ஒண்ணும் சொல்லல, பிடதித் தண்ணி சொல்லுதா?"

"நீங்கதான் எறங்கலையே அத்தை."

"எறங்குறேனோ இல்லையோ, எனக்கு என்ன சைஸ்னு கடையில கேட்டுட்டு வா. பை பாத்துக்க யாராச்சும் இருந்தா, ஒருவேளை எறங்கினாலும் எறங்குவேன்."