சிறார் பள்ளத்தாக்குச் செலவு: நூற்பாவும் உரையும்

எட்டு வயதுப் பிள்ளையின் முதுகில் ஒரு பையை மாட்டி, பாலைநிலப் பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்க அழைத்துச் செல்வதற்குத் தமிழில் இலக்கண நூல் இல்லை. இப்படியொரு குறை இருப்பதை இதுவரை யாரும் உணரவில்லை என்பது குறையின் ஆழத்தைக் காட்டுமேயன்றி, குறை இல்லை என்று காட்டாது. ஆகவே இந்நூல் எழுந்தது. நூற்பாவும் யானே செய்தேன், உரையும் யானே செய்தேன். மூலத்தை மறுக்கும் உரையாசிரியரின் தொல்லை இதனால் ஒழிந்தது.

நிலம் யாதோ எனின், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்ட்டே ஊருக்குத் தென்கிழக்கே உள்ள கயோட்டி கல்ச். எஸ்கலான்ட்டே ஆற்றில் போய்ச் சேரும் சிற்றோடை. இருமருங்கும் ஓங்கிய செம்பாறைச் சுவர். பெரும்பாலும் கணுக்கால் அளவுத் தண்ணீர். 'உலகப் புகழ் பெற்ற கிராண்ட் கேன்யன் இருக்க இது எதற்கு?' என்பான் ஒருவன். அவன் பெரும்பாலும் பிள்ளையின் தகப்பன். அவனுக்கு விடை: மலையில் ஏறுகிறவன் களைத்தால் இறங்கி வீடு சேரலாம். கிராண்ட் கேன்யனில் முதலில் இறக்கம், களைத்த பிறகே ஏற்றம். தென்விளிம்பிலிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையில் ஆற்றங்கரைக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் இறக்கம். இறங்கிய நேரத்தைப் போல் இருமடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. பிள்ளைக்கு அந்த இருமடங்கும் போதாது. தவிரவும், புகழ் என்பது தகப்பன் அறிந்த பொருள். பிள்ளை அறிந்தது தண்ணீர்.

இந்நூலின் கோட்பாடு ஒன்றே: திட்டமிடல் என்பது தகப்பனின் திட்டத்திலிருந்து கழித்துக்கொண்டே போவது. எஞ்சுவது எதுவோ அதுவே பயணம். இனிச் சுமையியல்.

*சுமையெனப் படுவது மூவகைத் தவைதாம்*
*சுமப்போன் சுமையும் சுமவாதோன் சுமையும்*
*நடுவழி மாறிய சுமையுமென் றாங்கு.*

சுமப்போன் சுமையாவது பிள்ளையின் முதுகில் ஏற்றுவது. உடல் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு என்பர். 25 கிலோ பிள்ளைக்கு இது 2.5 முதல் 3.75 கிலோ. பாலையில் நடப்பவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கு. அது 4 கிலோ. ஆகவே பிள்ளை தன் தாகத்தைக்கூடத் தானே சுமக்க இயலாது என்பது பெறப்பட்டது. அப்படியானால் அவன் பையில் என்னதான் இருக்கும்? ஒரு சட்டை, ஒரு டார்ச், ஒரு பொம்மை, ஒரு விசில். மூன்று முறை ஊதினால் உதவி கேட்பதாகப் பொருள். காரிலேயே முப்பது முறை ஊதுவான். அது பயிற்சி என்க.

சுமவாதோன் சுமை, அவன் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தகப்பன் பையில் திணித்தவை. நடுவழி மாறிய சுமை வெளிப்படை. புறப்பட்ட சற்று நேரத்திலேயே பிள்ளையின் பை தகப்பனின் மார்புக்கு வந்துவிடும். 'இது கூறியது கூறல் அன்றோ, சுமவாதோன் சுமையில் அடங்காதோ?' எனின், அடங்காது. முன்னது வீட்டில் நிகழ்வது, பின்னது வெயிலில் நிகழ்வது. எடை அழிவதில்லை, ஆள் மாறுகிறது. அடுத்தது நடையியல்.

*நீர்கண் டுழிநிற்றல் கல்கண் டுழிக்குனிதல்*
*ஊர்வன கண்டுழி உட்கார்ந்தே விடுதல்*
*சிறார்நடை என்ப நடைநூல் உணர்ந்தோர்.*

இதன் பயனைப் பாதைத் தேர்வில் காண்க. ஹோல் இன் த ராக் என்னும் மண்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் பல் கிடுகிடுக்கச் சென்றால் ஹரிக்கேன் வாஷ் வரும். அங்கிருந்து கயோட்டி கல்ச்சின் ஓடையைச் சேரச் சுமார் 8 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி வறண்ட மணல். இன்னொரு குறுக்கு வழி ஜேக்கப் ஹாம்பிளின் வளைவுப் பாறைக்கு அருகே நேராக இறங்கும். தொலைவு குறைவு, ஆனால் வழுக்குப் பாறைச் சரிவு. பெரியவர்களே கயிறு கட்டி இறங்குவார்கள். தகப்பன் வரைபடத்தைப் பார்த்ததும் இதைத்தான் தொடுவான். கழித்துவிடுக.

மணலில் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்கும் பிள்ளை, தண்ணீரில் கால் வைத்ததும் அக்கேள்வியை மறப்பான். ஆனால் தண்ணீரில் நடக்கவும் மறப்பான். எனவே கிலோமீட்டர் இங்கே அளவை ஆகாது. விளிம்புப் பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கினால் டிரையாப்ஸ் என்னும் சிற்றுயிர்கள் நீந்தும்; அவற்றின் முட்டைகள் வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து மழைக்குப் பொரிபவை. அத்தகைய குழி ஒன்று எதிர்ப்பட்டால் அன்றைய நடை அங்கே முடிந்தது. முட்டை பொறுத்த பொறுமையில் சிறிதளவு தகப்பனுக்கும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு இல்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, எங்கோ தொலைவில் பெய்த மழை சேறும் மரமுமாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நன்று. சுவரில் எவ்வளவு உயரத்தில் பழைய வெள்ளத்தின் சுள்ளி சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே கூடாரம் அடிக்க வேண்டும். இவ்விதிக்கு மாற்றுரை ஏற்கப்படாது.

அடுத்தது கழிவியல். ஓடைக்கரையில் குழி தோண்டி மூடிவிட்டு வரலாம் என்று நினைப்பது பிழை. இடம் குறுகியது, ஓடை ஒன்றே, வறண்ட மணல் எதையும் எளிதில் மக்கவிடாது. எனவே கயோட்டி கல்ச்சில் மலத்தை அதற்குரிய பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. பையினுள் ஈரத்தைக் கட்டியாக்கும் பொடி இருக்கும். பாறைகளின் வயதைச் சொன்னபோது கொட்டாவி விட்ட பிள்ளை, இந்தப் பொடி வேலை செய்யும் விதத்தை விரிவாகக் கேட்பான். பையைச் சுமப்பது யார் என்பதை முதல் நூற்பா தீர்த்துவிட்டது.

கரிய பொருக்குப் படிந்த மண்ணில் மிதிக்கலாகாது என்பதைப் பிள்ளையிடம் ஒருமுறை சொன்னால் போதும். சயனோபாக்டீரியா இழைகள் மணலைக் கட்டி வளர்த்த தோல் அது. ஒரு மிதியில் உடைந்தால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். இதைக் கேட்டபின் தகப்பன் பொறுப்பில்லாமல் ஓரடி எடுத்துவைக்க முடியாது. காவல் பிள்ளையிடம் போய்விட்டது. இரவில் நெருப்பு மூட்டவும் அங்கே தடை. கதகதப்பான தீ, அருகில் கதை என்று தகப்பன் வரைந்து வைத்திருந்த சித்திரத்தையும் கழித்துவிடுக. பதிலுக்கு ஒரு புற ஊதா டார்ச் போதும். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். தேள் கிடைக்காத இரவில் பிள்ளை ஏமாற்றமடைவான், தகப்பன் மகிழ்வான்.

திரும்பும்போது மட்டும் பிள்ளையின் பை கனத்திருப்பது எடை விதிக்கு முரணாகாதோ எனின், ஆகாது. உள்ளே சேர்ந்தவை கற்கள். கயோட்டி கல்ச் போன்ற தேசியப் பூங்காச் சேவையின் நிலத்திலிருந்து கல் எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். ஆகவே காரடியில் சோதனை நடத்தி, வாதங்களைக் கேட்டு, எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவர வேண்டும். காலுறைக்குள் வரும் மணல் எதில் சேரும் என்பது அறிஞர் உடன்படாத இடம். நவாஹோ மணற்கல் ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றாக இருந்து கல்லானது. இன்று உதிர்ந்து மீண்டும் மணலாகிப் பிள்ளையின் இடது காலுறையில் அரைக் கைப்பிடி இருக்கிறது. சட்டம் இதைக் கல் என்னுமோ மண் என்னுமோ, சலவை இயந்திரம் இரண்டையும் ஏற்பதில்லை.